குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து நான் காட்டிய மலை

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல வேன்காரப் பயலுக புதுசா ஒரு போர்டு மாட்டியிருக்காங்க. 'மூன்று மணி நேரத்தில் பதினெட்டு இடங்கள்.' அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. பதினெட்டு இடத்துல இறங்கி ஏறுறதுக்கே ரெண்டு மணி நேரம் போயிருமேப்பா, பாக்குறது எப்போன்னு கேட்டேன். "போட்டோ எடுத்தாப் போதும் மாமா, வீட்டுல போய்ப் பாத்துக்குவாங்க"ன்னான் ஒருத்தன். அப்புறம் அவனே, "உங்க காலத்துல நாலு மணி நேரத்துக்கு வந்தவங்களுக்கு எப்படித்தான் ஊரைக் காட்டுனீங்க? எழுதிக் குடுங்க, டிரைவர் சங்கத்துச் சுவத்துல ஒட்டுறோம்"னான். சுவத்துல ஒட்டுற அளவுக்குச் சின்னதா எழுத எனக்கு வராது. எழுதினது இவ்வளவு தூரம் வந்துருச்சு.

என் பேரு சவரிமுத்து. பொறந்து வளர்ந்தது எல்லாம் இந்த ஊருதான். ரெண்டு வருஷம் கிளீனர், ஒரு வருஷம் தாண்டிக்குடி எஸ்டேட் ஜீப்பு, அப்புறம் லைசென்ஸ். அந்த மூணு வருஷத்தைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல, திட்டு வாங்கினதுதான் மிச்சம். ஐம்பதுகளோட நடுவுல காதர் ராவுத்தர்கிட்ட டிரைவரா சேர்ந்தேன். அவர் வத்தலக்குண்டுக்காரர். சுத்திப் பாக்க வர்றவங்களுக்குன்னு மூணு பிளஷர் கார் வச்சிருந்தார். அப்ப எல்லாம் டாக்ஸின்னு யாரும் சொல்ல மாட்டோம், பிளஷர் கார்தான்.

நான் சுத்திக் காட்டக் கத்துக்கிட்டது அவர்கிட்டதான். காலைல முதல் பஸ் பத்தரைக்கு மேலே வரும். மத்த கார்க்காரங்க எல்லாம் பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல்ல தொங்கிக்கிட்டு, "தூண் பாறை, ஏரி, தூண் பாறை, ஏரி"ன்னு கத்துவாங்க. ராவுத்தர் கத்தவே மாட்டார். வெள்ளைத் தொப்பியும் கம்பளிக் கோட்டுமா ஓரமா நிப்பார். இறங்கி முழிக்கிற ஆளைப் பார்த்து, "எத்தனை மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்?"னு கேட்பார். எங்கே போகணும்னு கேட்டதே கிடையாது. அடுத்தபடியா அவங்க காலைப் பார்ப்பார். செருப்பு என்ன செருப்பு, கால்ல வீக்கம் இருக்கா, குழந்தை இடுப்புலயா தரையிலயான்னு பார்ப்பார். அப்புறம் பின்னாடியில இருந்து கழிச்சுக்கிட்டு வருவார். "மூணு மணி பஸ். ரெண்டே முக்காலுக்கு இங்க நிக்கணும். ரெண்டுக்கு ஏரி. ஒண்ணேகாலுக்குச் சோறு." இப்படியே வந்து, "ஆக, இந்த நிமிஷம் வண்டியில ஏறுங்க"ன்னு முடிப்பார். ஏறிருவாங்க.

எதை முதல்ல காட்டணும்ங்கிறதுக்கு அவர் ஒரு கணக்கு வச்சிருந்தார். "ஏலே சவரி, ஏரி எங்கயும் ஓடிப்போயிராது. பூங்கா ஓடாது. தூண் பாறைதான் ஓடும். ஓடுறதை முதல்ல பிடி"ம்பார். தூண் பாறை ஓடும்னா மேகம் வந்து மூடிரும்னு அர்த்தம். தினம் வெள்ளனே கோக்கர்ஸ் வாக் முனைக்கு நடந்து போய், கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துட்டு வருவார். மேகம் அடியில படுத்துக் கெடந்தா பன்னெண்டு வரைக்கும் பாறை தெரியும். மேகம் எழுந்து உக்காந்திருச்சுன்னா முதல் பஸ்ஸுக்கே பாறை கிடையாது, அன்னிக்கு வேற வழி. நான் இருந்த வரைக்கும் அந்தக் கணக்கு அஞ்சாறு தடவைக்கு மேல பிசகினது இல்ல.

அவ்வளவு நல்ல மனுஷன்கிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்துச்சு. அதை எனக்கும் ஒட்ட வச்சுட்டார். பிரயாணி என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. "தெரியாதுன்னு சொன்னியோ, வந்தவனுக்குச் சப்புன்னு போயிரும். அவன் இங்க இருக்கிறதே நாலு மணி நேரம். அதுல உன் தெரியாதை வேற வாங்கிக்கிட்டுப் போகணுமா?" அதனால நாங்க எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தோம். பேர் தெரியாத மரத்துக்கெல்லாம் பேர் வச்சோம். வயசு தெரியாத மாதா கோயிலுக்கு எல்லாம் வயசு சொன்னோம்.

அந்த வகையில வந்ததுதான் பழனி மலை. ஊருக்கு வடக்கே குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்குல்ல, அங்க இருந்து பார்த்தா சமவெளி மொத்தமும் விரிச்ச பாய் மாதிரி கெடக்கும். மேலே நின்னா பழனி மலை தெரியும்னு ஊர் முழுக்கப் பேச்சு. ராவுத்தர் எனக்கு இடது பக்கமா ஒரு குன்றைக் காட்டி, "அதுதான்"னு சொல்லிக் குடுத்தார். நானும் வர்றவங்களுக்கு எல்லாம் கையை நீட்டி, "அந்தா பாருங்க, பழனி மலை"ம்பேன். உடனே செருப்பைக் கழட்டிட்டு, கன்னத்துல போட்டுக்குவாங்க. சிலபேர் அழுவாங்க. கீழே பழனியில வரிசையில நின்னு கும்பிட்டதைவிட இங்க இருந்து கும்பிட்டது மனசுக்கு நிறைவா இருந்துச்சுன்னு சொன்னவங்க உண்டு. நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன், அவர் பள்ளிவாசலுக்குப் போற ராவுத்தர். ரெண்டு பேரும் அந்த மலை மேல ஒரு நாளும் ஏறினது இல்ல, பக்கத்துல போய்ப் பார்த்ததும் இல்ல. அது எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையாவே தோணல பாருங்க.

அறுபதுகளோட ஆரம்பத்துல, ஒரு மாசி மாசம். முதல் பஸ்ஸுல இருந்து மூணு பேரை ராவுத்தர் என் வண்டிக்குச் சேர்த்து விட்டார். ரெண்டு பேர் மதுரையில இருந்து வந்த ஒரு வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும். வாத்தியார் கையில நோட்டு, காதுல பென்சில். பார்க்க வேண்டிய இடத்தை எல்லாம் வரிசையா எழுதி வச்சிருந்தார். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ஒரு கோடு கிழிப்பார். மூணாவது ஆள் பழனிக்காரர், தண்டபாணின்னு பேரு. கோயிலுக்குப் பூ கட்டிக் குடுக்கிற குடும்பம். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்க, இவர் ஒரு துண்டைத்தான் போத்தியிருந்தார். மடியில ஒரு துணிப்பை, அதை இறுக்கிப் பிடிச்சிருந்தார்.

"எனக்குத் தூண் பாறை வேணாம், ஏரி வேணாம். குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல உச்சி நேரத்துக்கு நான் நிக்கணும், அது போதுங்க"ன்னார். மறுநாள் விடிகாலையில பழனிக் கோயிலுக்குப் பூக் குடுக்கிறது அவரோட முறை. அதை விட முடியாது. அப்ப பழனியில இருந்து நேரா மேலே வர பஸ்ஸு கிடையாது, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வத்தலக்குண்டுன்னு ஊரைச் சுத்திக்கிட்டுத்தான் வரணும். முந்தின நாளே கிளம்பி, வத்தலக்குண்டுல படுத்துக் கெடந்து வந்திருக்கார். மூணு மணி பஸ்ஸை விட்டா முறை போச்சு.

ராவுத்தர் விரலை மடக்கினார். பதினொண்ணுக்குத் தூண் பாறை, பன்னெண்டுக்குக் கோயில், மத்தது பின்னாடி. எல்லாருக்கும் சரியா வந்துச்சு.

தூண் பாறை போற வழியில வாத்தியார் வீட்டம்மா கேட்டாங்க, "பையில என்னங்க, இவ்வளவு பத்திரமா?" தண்டபாணி வெட்கப்பட்டுக்கிட்டே எடுத்துக் காட்டினார். முகம் பாக்கிற கண்ணாடி. ரெண்டு கை அகலம், மரச் சட்டம் போட்டது.

அவர் சம்சாரம் மயிலம்மாவுக்கு மலை ரோடு ஆகாதாம். கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேருமா கொடைக்கானல் பாக்கக் கிளம்பியிருக்காங்க. ரெண்டாவது வளைவுலயே அந்தம்மாவுக்கு வாந்தி. பஸ்ஸையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. இறங்கி, கீழ நடந்தே திரும்பியிருக்காங்க. அதைச் சொல்லிச் சொல்லி வீட்டுல இருபது வருஷமாக் கேலி. தண்டபாணியோட மச்சினன்தான் ரொம்ப மோசமாம்.

"இந்தத் தைப்பூசக் கூட்டம் முடிஞ்சதும் அவதான் சொன்னா. 'நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் நம்ம மலை மேல தெக்குப் பக்கமா நின்னு இன்னொரு கண்ணாடியை வெயில்ல அசைக்கிறேன். உச்சிக்கால பூஜை மணி அடிச்சதும் ஆரம்பிக்கிறேன். மேலே இருந்து நான் உங்க கண்ணுல பட்டுட்டேன்னா, நானும் கொடைக்கானலுக்கு வந்த மாதிரிதான். நீங்களும் பதிலுக்குக் காட்டுங்க, அதைப் பார்த்துட்டு இறங்கிருவேன்'னா." சொல்லிட்டு மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். "பைத்தியக்காரத்தனம்தாங்க. ஆனா தெரியுமா தெரியாதான்னு பாத்துப்புடணும்ல?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு ஆவல் தொத்திக்கிச்சு. அத்தனை வருஷம் ஓட்டினதுல இப்படி ஒரு சோலிக்கு யாரும் வந்தது இல்ல. தூண் பாறையில வாத்தியாரைப் பத்தே நிமிஷத்துல கோடு கிழிக்க வச்சு, வெரசாத் திருப்பிக் கொண்டாந்தேன். பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோயில்ல நிக்கிறோம். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு.

வழக்கம் போல கையை நீட்டி, "அந்தா பாருங்க, பழனி மலை"ன்னேன். வாத்தியார் கன்னத்துல போட்டுக்கிட்டு, நோட்டுல கோடு கிழிச்சார். தண்டபாணி கண்ணு மேல கையை வச்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, நம்ம மலைக்குப் பக்கத்துல இடும்பன் மலை ஒட்டி நிக்கணுமே. அதைக் காணோமே?"

"தூரத்துல ரெண்டும் ஒண்ணாத்தாண்ணே தெரியும்."

"வையாபுரிக் குளம்?"

"உச்சி வெயில்ல தண்ணி தெரியாதுண்ணே."

எவ்வளவு சுளுவா வந்துச்சுங்கிறீங்க! யோசிக்கக்கூட இல்ல. அவரும் நம்பினார். அவர் அந்த மலையைக் கீழே இருந்து தினம் பாத்தவரு, மேலே இருந்து பாத்தது இல்லையே. தினம் காட்டுறவன் சொன்னா நம்ப வேண்டியதுதானே.

பன்னெண்டு ஆச்சு. பன்னெண்டேகால் ஆச்சு. அந்தக் குன்றுல ஒண்ணும் மின்னல. பன்னெண்டரை இருக்கும், வாத்தியார் வீட்டம்மா, "அங்க பாருங்க, வலது பக்கம் என்னமோ பளிச்சுங்குது"ன்னாங்க. பார்த்தேன். நான் காட்டின இடத்துக்கு ரொம்ப வலப் பக்கமா, நேர் வடக்கே, ஒரு சின்ன மேடு. அதுல ஒரு பொட்டு வெளிச்சம் வந்து வந்து போச்சு.

"அது தகரக் கொட்டகைம்மா, வெயில் பட்டா அப்படித்தான்"னுட்டேன்.

தண்டபாணி ஒரு தடவை அங்க பார்த்துட்டு, மறுபடியும் நான் காட்டின குன்றுக்கே திரும்பிட்டார்.

இப்ப யோசிச்சாலும் எனக்கே என் மேல கோபம் வருது. அப்பவே எனக்குச் சந்தேகம் தட்டிருச்சு. ஆனா வாத்தியார் நோட்டுல கோடு கிழிச்சாச்சு. எத்தனை ஆயிரம் பேர் செருப்பைக் கழட்டிக் கும்பிட்டுட்டுப் போயிருப்பாங்க. இப்பப் போய் அது பழனி இல்லைன்னு எந்த வாயால சொல்றது? வண்டியில சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, யாருக்கும் தெரியாம அந்தப் பொட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல அது நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, தகரம்தான் போலன்னு. மறுபடியும் ஆரம்பிச்சுது. அப்புறம் ரெண்டாவது தடவை நின்னுச்சு. இந்தத் தடவை ரொம்ப நேரம் வரல. பிறகு வந்துச்சு, முன்னைவிட மெதுவா, விட்டு விட்டு.

தகரம் கை மாத்தாதுல்ல. ஒரு பொம்பளை கண்ணாடியைக் கீழ வச்சுட்டு, கையை உதறிட்டு, மறுபடி தூக்குறா. அது எனக்கு நல்லாவே தெரிஞ்சு போச்சு.

இந்தப் பக்கம் தண்டபாணி தரையில உக்காந்துட்டார். "படியில விழுந்து வச்சுட்டாளோ? கூட்டத்துல அவளை நிக்க விடலையோ? இல்ல, மச்சினன் ஏதாவது சொல்லி அழ விட்டுட்டானோ?"ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டார். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணு அஞ்சு. சாப்பிடப் போகலாமா?"ன்னார்.

நான் போய்த் தண்டபாணி தோளைப் பிடிச்சு எழுப்பினேன். வலது பக்கமாத் திருப்பினேன். "அண்ணே, நான் காட்டினது தப்பு. அது பழனி இல்ல. இத்தனை வருஷமாத் தப்பாத்தான் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். தகரக் கொட்டகைன்னு சொன்னதும் பொய். உங்க வீட்டம்மா அந்தா நிக்கிறாங்க."

வாத்தியார் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தண்டபாணி என்னைப் பார்க்கவே இல்ல. மேட்டைப் பார்த்தார், பக்கத்துல இன்னொரு மேட்டைப் பார்த்தார். "ஆமா, இடும்பன் மலை! ஆமா, குளம்! அடிப்பாவி, நின்னுக்கிட்டே இருக்காளே! நின்னுக்கிட்டே இருக்காளேம்மா!"ன்னு வாத்தியார் வீட்டம்மா கிட்ட சொல்லிச் சொல்லிக் குதிச்சார். கண்ணுல தண்ணியாக் கொட்டுது. நானும் அழுதுட்டேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

பைக்குள்ள இருந்து கண்ணாடியை எடுத்தார். எங்க பக்கம் வெயில் இல்ல. நான் வாய மூடிக்கிட்டு நின்ன நேரத்துல, தெக்கே இருந்து மேகம் ஊரைத் தாண்டி எங்க தலைக்கு மேல வந்து நின்னுருச்சு. வடக்கே கீழ நல்ல வெயில், அந்தம்மா மின்னிக்கிட்டே இருக்காங்க. எங்க கண்ணாடியில சாம்பல் நிற வானம்தான் தெரிஞ்சுது. அவர் இப்படித் திருப்புறார், அப்படித் திருப்புறார். வாத்தியார் நோட்டைக் கீழ போட்டுட்டு, "இங்க வாங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் வெளுப்பா இருக்கு"ன்னு மனுஷனை இழுத்துக்கிட்டு ஓடினார். ஒண்ணும் நடக்கல. ஒண்ணரை மணி வரைக்கும் கீழே வெளிச்சம் வந்துச்சு. அப்புறம் வரல.

யாரும் சாப்பிடல. ஏரிக்கும் போகல. வாத்தியார் மிச்சம் இருந்த இடத்தை எதுவும் கேக்கல. பஸ் ஏறும்போது தண்டபாணி என் கையைப் பிடிச்சு, "நான் பார்த்துட்டேன்ல தம்பி, அது போதும்"னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தார்னா நான் அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

சாயந்தரமே ராவுத்தர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கிட்டே கேட்டார். "அதுதான் பழனின்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் மொதலாளி."

"எனக்கு யாரு சொன்னா?"ன்னு தன்னையே கேட்டுக்கிட்டார். "எனக்கு முன்னாடி இங்க வண்டி ஓட்டினவன் சொன்னான். அவனுக்கு எவன் சொன்னானோ!" மறுநாள் காலையில முதல் பஸ்ஸை விட்டுட்டு, என் வண்டியில ஏறிக் கோயிலுக்கு வந்தார். முதல் பஸ்ஸை அவர் விட்டது அன்னிக்கு ஒரு நாள்தான். வலது பக்க மேட்டையும் குளத்தையும் அரை மணி நேரம் பார்த்தார். இடது பக்கம் நாங்க காட்டிக்கிட்டு இருந்தது ஐவர்மலையா இருக்கும்னு வேற யாரோ பிறகு சொன்னாங்க. ராவுத்தர் வண்டியில ஏறும்போது, "தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லு இனிமே"ன்னார். அவர் வாயில இருந்து அது வர எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு எனக்குத் தெரியும்.

பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு, 'பிளஷர் கார் சவரிமுத்து, கொடைக்கானல்'னு மட்டும் போட்டு ஒரு கார்டு வந்துச்சு. தண்டபாணிதான். "தம்பி, இவள் நம்ப மாட்டேன் என்கிறாள். பதில் வெளிச்சம் வராததால் நான் பார்க்கவே இல்லையாம். மனசு நோகக் கூடாது என்று பார்த்ததாகச் சொல்கிறேனாம். மச்சினன் வேறு சிரிக்கிறான். நான் திரும்பி வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் நம்புவாள். மலை காட்டுவதே தொழிலாக இருக்கிறவர் பொய் சொல்ல மாட்டார் என்கிறாள்."

அந்தக் கடைசி வரியைப் படிச்சுட்டு நான் கார்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ராவுத்தர் வாங்கிப் படிச்சார். கடையில இருந்து ஒரு புதுக் கார்டு எடுத்துக் குடுத்தார். "எழுது. பாதி எழுதாதே. தகரக் கொட்டகையையும் சேர்த்து எழுது"ன்னார். அதை விட்டுட்டு எழுதலாம்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நாலு வரிதான் கொள்ளும்னு நினைச்சது, ஓரமெல்லாம் நெருக்கி எழுதும்படி ஆச்சு. எழுதினது இது:

"அம்மா, வணக்கம். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் தப்பான மலையைக் காட்டினேன். எனக்கு உங்கள் மலை எது என்று அதுவரை தெரியாது, தெரிந்த மாதிரி பேசினேன். உங்கள் வெளிச்சத்தைப் பார்த்த பிறகும் தகரக் கொட்டகை என்று பொய் சொன்னேன். அதனால்தான் நேரம் போய், மேகம் வந்து, அவரால் பதில் காட்ட முடியவில்லை. குற்றம் என்னுடையது. அவர் பார்த்தார், அழுதார். இனி இந்தக் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் நீங்கள் நின்ற இடத்தைத்தான் காட்டுவேன். இதையும் நீங்கள் நம்பாமல் போனால் ஒன்று சொல்கிறேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினீர்கள். இரண்டாவது தடவை ரொம்ப நேரம். கை வலித்திருக்கும். அப்போதும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."